பாஸ் கேட்காத வாசல்

"எங்களுக்கு ஒரு ஃபயர்வோல் வேணும் பிள்ளை" என்று பத்மாசனி அன்ரி போனில் சொன்னபோது, குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போகிறவர் மாதிரித்தான் கேட்டார். எனக்கு இது புதிதல்ல. வவுனியாவில் இருந்துகொண்டு கந்தோர்களுக்கும் கடைகளுக்கும் கணினி வலையமைப்புப் பாதுகாப்புச் செய்து கொடுப்பது என் பிழைப்பு. எல்லோருக்கும் பெட்டிதான் வேண்டும். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். அதற்குள் என்ன இயங்குதளம் ஓடுகிறது, அதைக் கடைசியாக யார் திருத்தினார்கள், சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்டால், அவர்களுடைய வீட்டுச் சங்கதியைக் கிளறியது போல முகம் சுருங்கும்.

ஆனால் அன்ரியின் வீடு வேறு. புருஷன்மாரின் அடிக்குத் தப்பி வரும் பெண்களை ஒளித்து வைத்திருக்கும் வீடு அது. உருத்திரபுரத்தில் ஒரு வாய்க்கால் ஓரம், சுற்றிவர வயல். வாசல் படலையில் 'தையல் பயிற்சி நிலையம்' என்று ஒரு போர்ட். போர்ட் பொய்யில்லை, உள்ளே எந்நேரமும் தையல் மெசின் கடகடத்துக்கொண்டுதான் இருக்கும். மதில் என் நெஞ்சுயரம். காவலாளி இல்லை. பொலிஸ் வருவதென்றால் அவர்களுக்கு நேரம் கிடைக்கும்போது வருவார்கள். அந்த வீடு எங்கே இருக்கிறது என்பது வெளியே தெரியாது, அது ஒன்றுதான் அங்கிருந்த பெண்களுக்குக் காவல். அது தெரிந்த நாளன்று யாராவது ஒருத்தியின் கதை முடியும். அன்ரிக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் நான் பேரம் பேசாமல் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

ஏற்கெனவே அங்கே ஒரு பெட்டி இருந்தது. உதவி நிறுவனம் ஒன்று கொடுத்தது, பட்டணத்துக் கடை ஒன்று பொருத்திக் கொடுத்தது. திறந்து பார்த்தேன். அனுமதிக் காலம் முடிந்து, பல வருடமாக ஒரு திருத்தமும் ஏறாமல் கிடந்தது. அதைவிட மோசம், வெளியில் இருந்து யாரும் அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கலாம். கடவுச்சொல் கடையின் பெயரேதான்.

"இதை ஏன் இப்பிடித் திறந்து வைச்சிருக்கிறீங்கள்?"

"ஏதும் பிரச்சினை எண்டால் தான் வீட்டில இருந்தே பாக்கிறனெண்டு அந்தக் கடைக்காரன் சொன்னவன். எங்களுக்குத் தெரிஞ்ச பெடியன் பிள்ளை."

தெரிந்த பெடியன்! எங்கள் பக்கத்தில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. தெரிந்த பெடியனுக்கென்று திறந்து விட்ட கதவால் வந்தவர்களைத்தான் கண்டிருக்கிறேன்.

அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, சோற்றுப் பெட்டி அளவான ஒரு சின்னக் கணினியை வைக்கத் தீர்மானித்தேன். இயங்குதளமாக ஓப்பன் பிஎஸ்டியைத் தெரிந்தெடுத்தேன். நிர்வாகக் குழுச் செயலாளர் யோகலிங்கம் ஐயா, ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகர், பக்கத்தில் கதிரை போட்டு இருந்து மேற்பார்வை பார்த்தார். திரையில் கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடுவதைப் பார்த்து அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

"படம் கிடம் ஒண்டும் வராதோ?"

"வராது ஐயா. படம் வரவேணுமெண்டால் படம் காட்டுற புரோகிராம் ஓட வேணும். ஓடுற ஒவ்வொண்டிலயும் ஒரு ஓட்டை இருக்கும். இதில தேவையில்லாமல் ஒண்டும் ஓடாது. பூட்டினபடிதான் வரும், வேண்டினதை நாங்கள்தான் திறக்க வேணும்."

"அப்ப பழுதாப் போனால் ஆர் பாக்கிறது?"

"நான் நேர வருவன். வெளியில இருந்து நானும் உள்ளிட ஏலாது."

அவர் அதை நம்பவில்லை. நான் செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். அன்று வரை வந்த திருத்தங்களை ஏற்றினேன். கடவுச்சொல்லை எடுத்துவிட்டுச் சாவிக் கோப்பு வைத்தேன். கந்தோர்க் கணினிகளை ஒரு பக்கமும், பெண்களும் பிள்ளைகளும் பாவிக்கும் வைஃபையை வேறு பக்கமும் பிரித்தேன். வெளியில் இருந்து தட்டுகிற எவருக்கும், வீட்டில் ஆள் இருக்கிறது என்ற சத்தமே கேட்காதபடி செய்தேன். கணினியை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மிச்சமிருந்தது போக்குவரத்து விதிகள் மட்டுந்தான்.

அந்த இயங்குதளத்தில் விதிகள் ஏறக்குறைய வாயால் சொல்வது போலவே இருக்கும். மறிப்பதற்கு 'பிளொக்', விடுவதற்கு 'பாஸ்'. முதல் வரியில் எல்லாவற்றையும் மறித்துவிட்டுக் கீழே ஒவ்வொன்றாக விட வேண்டும். பத்மாசனி அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதென்ன, பாஸ் எண்டு கிடக்கு?"

"விடுறது அன்ரி. வங்கி, மின்னஞ்சல், லோயரோட கதைக்கிற வீடியோ, பிள்ளையளின்ர பள்ளிக்கூட வாட்ஸ்அப். இதில எழுதினது மட்டும் வெளியில போகலாம். மற்றதெல்லாம் மறிபடும்."

"வெளியில போறதுக்குப் பாஸோ?"

அன்ரியின் முகம் மாறியதைப் பார்த்து நான் விசைப்பலகையில் இருந்து கையை எடுத்தேன்.

வன்னியில் அவர் வயது ஆட்களுக்குப் பாஸ் என்றால் ஒன்றுதான். யுத்தக் காலத்தில் வன்னியை விட்டு ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டிப் போக இயக்கம் தரும் அனுமதித் துண்டு வேண்டும். ஒருவர் போவதென்றால் இன்னொருவர் பிணையாக உள்ளே நிற்க வேண்டும். இளம் பிள்ளைகளுக்கு அதுவும் சரிவராது. அன்ரியின் ஒரே மகள் யதுர்ஷிகாவுக்கு அப்போது பதினேழு வயது. வவுனியாவில் பெரியம்மா வீட்டுக்கு அவளை அனுப்பிவிட வேண்டும் என்று, அவளையும் கூட்டிக்கொண்டு பாஸ் கந்தோரின் மர வாங்கில் போய்ப் போய் இருந்திருக்கிறார். கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மகள் இல்லை.

"என்ர பிள்ளையை ஒருத்தரும் உள்ளுக்கை வந்து கொல்லேல்லை ஸுல்பா" என்றார். "வெளியில போக விடாமல் வைச்சிருந்துதான் சாகடிச்சவை. உள்ளுக்கை வாறதை நீ எப்பிடியும் பூட்டு. நான் கேக்க மாட்டன். ஆனா இந்த வீட்டில, வெளியில போறதுக்கு ஒருத்தரையும் மறிக்கிறேல்லை. வாற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் படலையடியில வைச்சுச் சொல்லுறது அதுதான். பிடிக்காட்டில் போகலாம், ஒருத்தரும் ஏனெண்டு கேக்க மாட்டம் எண்டு."

"நான் மனுசரை மறிக்கச் சொல்லேல்லை அன்ரி. இது மெசினின்ர கதை."

"அந்தக் கந்தோரிலயும் மெசின் மாதிரித்தான் இருந்தவை."

எனக்கு எரிச்சல் வந்தது. எனக்கும் என் பங்குக்கு ஒரு கதை இருக்கிறது. என் உம்மாவும் வாப்பாவும் முல்லைத்தீவு தண்ணீரூற்று ஆட்கள். தொண்ணூறாம் ஆண்டு அதே இயக்கம் முஸ்லிம்களை வடக்கை விட்டு அனுப்பியபோது உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போனவர்கள். நான் பிறந்ததே அங்கே ஓலைக் கொட்டிலில். ஊருக்குத் திரும்பி வர வாப்பாவுக்கு இருபது வருடம் எடுத்தது. வந்து பார்த்தபோது வீட்டின் அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம்.

"எங்கட ஆக்களிட்ட ஒருத்தரும் பாஸ் கேக்கேல்லை அன்ரி" என்றேன். "போங்கோ எண்டுதான் சொன்னவை. அதால, திறந்து கிடக்கிற வாசல் எல்லாம் நல்ல வாசல் எண்டு என்னால நம்ப ஏலாது. உள்ளுக்கை இருக்கிற ஒரு போன் தன்ர பாட்டுக்கு வெளியில கதைச்சாலே போதும், இந்த இடம் தெரிஞ்சுபோடும். எங்கட ஆள்தான் எங்களைக் காட்டிக் குடுக்கும்."

"போனை நாங்கள் வந்த உடனேயே வாங்கி வைக்கிறம். சிம்மைக் கழட்டிப்போடுறம்."

"சிம்மைக் கழட்டினால் போன் செத்துப்போகுமோ? வைஃபையில கதைக்கும்."

யோகலிங்கம் ஐயா தொண்டையைச் செருமி, இரண்டு பெண்களுக்கும் நடுவில் நீதி வழங்கினார். வீட்டை நடத்துகிறவர் பத்மாசனி, அவர் சொல்வதுபோல் எழுதினால் சரியாம். நான் எழுதினேன். உள்ளே வருவது எல்லாம் மறி. வெளியே போவது எல்லாம் விடு. விசைகளைக் குத்திய குத்தில் அன்ரி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஆனாலும் தேநீர் தந்துதான் அனுப்பினார். அவரிடம் கோபித்துக்கொள்வதும் லேசான காரியமில்லை.

காலபோக நெல் அறுவடை முடிந்த கையோடு அருந்ததி அந்த வீட்டுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். இடது கை மணிக்கட்டு முறிந்து, சரியாகப் பொருந்தாமல் கொஞ்சம் திரும்பியிருந்தது. அந்தக் கையோடு அவள் தைத்த சட்டைக் கழுத்தைப் போல நேர்த்தியான கழுத்தை நான் கடையிலும் வாங்கியதில்லை. புருஷன் தயாபரன் புதுக்குடியிருப்புப் பக்கம் போன் கடை வைத்திருப்பவன். கடையில் எல்லோரோடும் சிரித்துச் சிரித்துக் கதைப்பானாம். கூடவே எட்டு வயது மகளும் வந்தாள். அந்தப் பிள்ளையின் பெயரை நான் எழுதப் போவதில்லை.

பிள்ளையின் பழைய பள்ளிக்கூட ஆசிரியை பாடங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பிள்ளை படிப்பை விடக் கூடாது என்று அருந்ததி அழுதாள். அன்ரி மனம் இளகி, வாங்கி வைத்த போனைச் சிம் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அருந்ததி புருஷனுடைய எண்ணை அதில் இருந்து அழித்தாள். மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைப் பார்க்கப் போகும் எனக்கு அந்தப் போன் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நான் போனபோது அருந்ததி எனக்கு ஒரு சட்டை அளவெடுத்தாள். "அக்கா, நீங்கள் மெலிஞ்சிட்டீங்கள், நல்லாச் சாப்பிடுங்கோ" என்றாள். அடி வாங்கி ஓடி வந்தவள் எனக்குப் புத்தி சொல்கிறாள். சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் அன்ரி போன் எடுத்தார். ஒரு மோட்டார் சைக்கிள்காரன் வாய்க்கால் கட்டில் நின்று வீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனானாம். அருந்ததி யன்னலால் பார்த்து, தன் புருஷன்தான் என்று சொல்லிவிட்டாள். எப்படித் தெரிந்தது என்று அன்ரிக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் காலை நான் அங்கே நின்றேன். ஆட்களை வேறு இடத்துக்கு மாற்ற வான் வண்டி கேட்டிருந்தார்கள், மத்தியானம்தான் வரும் என்றார்கள்.

அலுமாரியைத் திறந்து போக்குவரத்துப் பதிவைப் பார்த்தேன். பிள்ளைகளின் வைஃபைப் பக்கத்தில் ஒரு கருவி, கொஞ்ச நாளாக, விடாமல் ஒரு வெளிநாட்டு விலாசத்தோடு கதைத்துக்கொண்டிருந்தது. 

"இது ஆற்ர போன்?"

அருந்ததியினது என்று அன்ரி சொன்னார். போன் கடைக்காரனின் பெண்சாதியின் போன். அதற்குள் அவன் வேவு பார்க்கும் செயலி ஒன்றைப் போட்டு வைத்திருக்காமல் விடுவானா? நான் அன்று எழுத விரும்பிய விதியில் அந்த விலாசத்துக்கு இடமே இல்லை. மறிபட்டிருக்கும். இதை நான் வாய்விட்டுச் சொல்ல முன்னமே படலையில் யாரோ தட்டினார்கள்.

தயாபரன் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, வெள்ளைச் சேட்டுப் போட்டு நின்றான். கையில் போன். சத்தம் போடவில்லை.

"வணக்கம் அம்மா. நான் சண்டைக்கு வரேல்லை. அவவைக் கூப்பிடுங்கோ."

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை" என்றார் அன்ரி. நான் உள்ளே இருந்து பொலிசுக்குப் போன் எடுத்தேன். வருகிறோம் என்றார்கள்.

அவன் மதிலுக்கு மேலால் வீட்டைப் பார்த்துக் கதைத்தான். "அருந்ததி, இந்த வீட்டின்ர படமும் வழியும் என்ர போனில கிடக்கு. நான் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்ய மாட்டன். ஃபேஸ்புக்கில போட்டுவிடுறது மட்டுந்தான். உள்ளுக்கை இருக்கிற மற்றப் பொம்பிளையளின்ர மனுசன்மாரும் தேடிக்கொண்டுதானே இருப்பினம், பாவம்."

தையல் மெசின்கள் ஒவ்வொன்றாக நின்றன. உள்ளே பச்சைக் குழந்தையோடு ஒருத்தி இருந்தாள். அவளுடைய புருஷன் மண்ணெண்ணெய் ஊற்றியவன். அருந்ததி கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தாள். எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். அளவு நாடாவைக் கழற்றி என் கையில் தந்தாள்.

"பிள்ளை பின் வளவில விளையாடுது அக்கா. இவர் வந்தது தெரிய வேண்டாம்."

"உமக்கு விசரே? பொலிஸ் வருது!"

"பொலிஸ் வரேக்கை இவர் போட்டு முடிச்சிருப்பார்."

அன்ரி படலைக் கொளுக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "போகாதை பிள்ளை. உன்னைக் கும்பிடுறன், போகாதை."

"அன்ரி, இஞ்ச ஒருத்தரையும் மறிக்கிறேல்லை எண்டு சொல்லித்தானே என்னை உள்ளுக்கை எடுத்தனீங்கள். திறவுங்கோ."

நான் திறக்காதேங்கோ என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.  அன்ரி கொளுக்கியை எடுத்துவிட்டார். அருந்ததி மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பக்கமாக ஏறி இருந்தாள். அவன் அவளுக்குத் தலைக்கவசம்கூடக் கொடுத்தான். பிள்ளையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொலிஸ் வந்தது. புருஷனும் பெண்சாதியும் விருப்பப்பட்டுச் சேர்ந்து போனதற்கு நாங்கள் என்ன செய்வது என்று கேட்டது. அன்று பின்னேரம் மற்றப் பெண்களை வானில் ஏற்றி இடம் மாற்றினோம். அந்த மாதம் முடிவதற்குள் அருந்ததியைக் கிணற்றில் இருந்து எடுத்தார்கள். அவளே குதித்தாள் என்று தயாபரன் சொன்னான். கழுத்தில் இருந்த அடையாளம் வேறு சொன்னதால் அவனை விளக்கமறியலில் சிறை வைத்தார்கள். பிள்ளைக்கு, அம்மா தவறிக் கிணற்றில் விழுந்துவிட்டா என்று மட்டும் சொல்லியிருந்தது.

நிர்வாகக் குழு கூடியபோது நான் அறிக்கையோடு போனேன். எனக்கு அன்றைக்கு ஒருவர்மேலும் இரக்கம் இருக்கவில்லை. அந்த விலாசத்தைக் காட்டினேன். வெளியே போவதெல்லாம் விடு என்ற அந்த ஒற்றை வரியைக் காட்டினேன். இதை எழுத வேண்டாம் என்று நான் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை, உங்கள் பழைய கணக்குக்கு அருந்ததி செத்துப்போனாள் என்று அன்ரியின் முகத்துக்கு நேரே சொன்னேன். யோகலிங்கம் ஐயா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரிதான் எழும்பினார்.

"ஓம். நான்தான் விடச் சொன்னனான்" என்றார். "ஸுல்பா சொல்லுறது சரி. எழுதிக்கொள்ளுங்கோ."

பொறுப்பில் இருந்து அவரை விலக்கினார்கள். புது ஆள் வரும்வரை, பிள்ளைகளைப் பார்க்க மட்டும் அவர் வீட்டில் நிற்கலாம் என்று முடிவாயிற்று. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் அழுதேன்.

புது வீடு எங்கே என்று சொல்ல மாட்டேன். அதே சின்னக் கணினியைத் துடைத்து, இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றி, இந்த முறை நான் நினைத்தபடியே விதிகளை எழுதினேன். எல்லாம் மறி. பிறகு வங்கி, மின்னஞ்சல், லோயர், பள்ளிக்கூட வாட்ஸ்அப். அவ்வளவுதான். வேறு ஒன்றும் படலை தாண்டாது. எழுதி முடித்து, மறிபட்டவை என்னென்ன என்று பதிவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வெளிநாட்டு விலாசம் அங்கே நின்றது.

அருந்ததியின் போன் அந்த வீட்டில் இல்லை. தட்டியது, முந்தின நாள் வந்த ஒரு பெண்ணின் மகனுடைய டப்லெட். வாங்கிப் பார்த்தேன். படத்துக்கு நிறம் தீட்டும் விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. அது விளம்பரம் எடுக்கப் போகிற இடம் அந்த விலாசம். திறந்தால் தட்டியது, மூடினால் நின்றது. மூன்று நான்கு தரம் திறந்து மூடிப் பார்த்தேன். வேவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அருந்ததியின் போனிலும் அவளுடைய பிள்ளை இதைத்தான் விளையாடியிருப்பாள்.

பத்மாசனி அன்ரி அந்த அறையிலேயே ஒரு பக்கமாக இருந்து பிள்ளைகளின் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

"அன்ரி, அருந்ததியின்ர போன் எங்க?"

"வாய்க்காலுக்கை போட்டிட்டன்."

"ஏன்?"

அவர் மடித்த சட்டையைத் திரும்ப விரித்து, மீண்டும் மடித்தார். "தாய் போன அண்டைக்குப் பின்னேரம் பிள்ளை வந்து என்னோட இருந்தது. வேலிக்கரையில மயில் வாறதெல்லே, அதை வீடியோ எடுத்து அப்பாக்கு அனுப்பினதாம். தாய் நம்பரை அழிச்சாலும், கடை போர்ட்டில இருக்கிற நம்பர் தனக்குப் பாடமாம். வாய்க்கால், மதில், படலை, போர்ட், எல்லாம் அதில வந்திருக்கும். அப்பா ஒண்டும் சொல்லேல்லை எண்டு அதுக்குக் கவலை."

 வாட்ஸ்அப். என் விதிகளிலும் அதற்கு வழி இருந்தது, முதல் நாளும் இருந்தது, இப்போது எழுதியதிலும் இருக்கிறது. எந்த இயங்குதளத்தைப் போட்டிருந்தாலும், எந்த வரியை எழுதியிருந்தாலும், அந்த மயில் போயிருக்கும்.

"அப்ப கூட்டத்தில நான் அப்பிடிக் கத்தேக்கை ஏன் உண்மையைச் சொல்லேல்லை? நான் உங்களைக் கொலைகாரி எண்டது மாதிரி எல்லே கதைச்சனான்!"

"நீ சொன்னது எனக்கு வசதியாப் போச்சுது."

"என்ன வசதி?"

"ஏதோ ஒண்டால வழி தெரிஞ்சது எண்டு எல்லாரும் தேடுவினம். உன்ர காரணம் நல்லாயிருந்தது, எல்லாரும் நம்பிச்சினம். இனி ஒருத்தரும் தேட மாட்டினம்." அவர் என்னை நேரே பார்த்தார். "எனக்கு அறுபது தாண்டியிட்டுது. அதுக்கு எட்டு. தானெண்டு தெரிஞ்சால் அது எப்பிடி வளரும் ஸுல்பா? என்ர முதுகில கிடக்கட்டும். என்ர முதுகுக்கு இது பழக்கம்."

"நான் அறிக்கையைத் திருத்திக் குடுக்கப் போறன். உங்களை இப்பிடி விட ஏலாது."

"திருத்தாதை. கடுதாசி எண்டால் ஒருநாள் ஆராவது வாசிப்பினம். அவளும் வாசிப்பாள்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரில் என்று தெரியாத ஆத்திரம். இந்த மனுஷியை நான் அவ்வளவு பேருக்கு முன்னால் நாறடித்திருக்கிறேன், அதைத் திருப்பி எடுக்கவும் விடமாட்டேன் என்கிறார். நான் அழுதேன். அவர் உடுப்புக் குவியலில் இருந்து ஒரு துவாயை எடுத்து என்னிடம் எறிந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் வாசலில் அந்தப் பிள்ளை நின்றாள். தலை வாரி, இரட்டைப் பின்னல் கட்டி, பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள் மாதிரி. எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. ஆனால் அவள் எங்களைப் பார்க்கவில்லை. அறை மூலையில் திறந்து கிடந்த அலுமாரிக்குள் இருந்த சின்னக் கணினியைத்தான் பார்த்தாள்.

"ஸுல்பா அன்ரி, போன்ல அனுப்புறதெல்லாம் இதுக்குள்ளாலதானே போறது?"

"ஓம்."

"நான் அப்பாக்கு மயில் வீடியோ ஒண்டு அனுப்பினனான். அவர் பாத்தவரோ எண்டு இதில தெரியுமோ?"

பத்மாசனி அன்ரியின் கை உடுப்பின் மேல் அப்படியே நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த தொழிலில் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. யோகலிங்கம் ஐயாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

"பாக்கேல்லை" என்றேன். "அது போகவே இல்லை செல்லம். இந்தப் பெட்டி மறிச்சுப்போட்டுது."

"ஏன் மறிச்சது?"

"நான்தான் மறிக்கச் சொல்லி எழுதினனான்."

அவளுடைய கீழுதடு நடுங்கியது. "அது தோகை விரிச்சு நிண்டது. எவ்வளவு நேரம் அசையாமல் நிண்டு எடுத்தனான் தெரியுமே? நீங்கள் கூடாத ஆள்."

குசினிப் பக்கம் ஓடிப்போனாள். அன்ரி எழுந்து அவளுக்குப் பின்னால் போனார். போகும்போது என் தோளில் கையை வைத்து அமர்த்திவிட்டுப் போனார்.

இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். அவள் வளர்ந்துவிட்டாள், பெரிய மனுஷி மாதிரித் தட்டில் தேநீர் வைத்து எல்லோருக்கும் கொண்டுவந்து கொடுப்பாள். எனக்கு மட்டும் தர மாட்டாள்.